இ போட்டுப் பாருங்க

கறுப்பு எபனைட் கட்டையைக் கடைசல் மெஷினில் மாட்டி உளியைக் கொடுத்தால், சீவல் சுருள் சுருளாக விழும்போதே ஒரு வாசனை கிளம்பும். கந்தக வாசனை. பேனாக் கடைக்கு வருகிறவர்களில் சிலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது ஊர் வாசனை. சாத்தூரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்கள் ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாசனையைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டுதான் வரும். ரப்பரோடு 100-க்கு 30 பங்கு அளவுக்குக் கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்தால் ரப்பர் தன் இளக்கத்தை விட்டுக் கட்டையாக இறுகிவிடும், அதுதான் எபனைட். 1851-இல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவின் பேனாவை உள்ளங்கையில் வைத்துச் சூடு வரத் தேய்த்து முகர்ந்தால் தெருமுனைத் தீப்பெட்டி ஆபீஸ் வாசனை வரும் என்பதுதான்.

சாத்தூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சேவு என்பீர்கள். வெள்ளரிப்பிஞ்சு என்பீர்கள். மீட்டர்கேஜ் நெல்லை எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனில் வந்து நின்றதும், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், "வெள்ளரி, வெள்ளரி" என்று ஜன்னல் ஜன்னலாகக் கூடை ஓடிவருமே, அதில் நீங்களும் ஒரு கூறு வாங்கியிருப்பீர்கள். மிளகாய்ப்பொடி தடவிக் கடித்திருப்பீர்கள். ஆனால் அந்த ஊர்தான் தேசத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கையெழுத்தைக் கொடுத்தது என்று நாங்கள் பெருமை பேசித் திரிந்தோம். பேனா நிப்பு எங்கள் ஊர்ச் சரக்கு. எங்கோ வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தன் பேரை எழுதிப் பார்க்கிற பேனாவின் நுனியில், வைப்பாற்றங்கரையில் ஒரு அக்கா கைப்பிரஸில் குத்திய தகடு இருந்திருக்கும். அந்தப் பெருமை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் நடந்தால் சத்தம் மாறிக்கொண்டே வரும். முதலில் குதிரைவண்டிக்காரர்கள் கூப்பாடு. அப்புறம் சேவுக் கடையில் கரண்டி தட்டும் சத்தம். இன்னும் உள்ளே தள்ளிப் போனால் டக், டக், டக் என்று சந்து முழுக்க ஒரே சீரான தட்டு. நிப்புப் பட்டறைகள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கைப்பிரஸின் குறுக்குத்தண்டை ஒரு கை வீசிச் சுற்றும், மற்றொரு கை தகட்டை ஒரு நூல் நகர்த்தும். ஒருவர் தகட்டிலிருந்து இலை வெட்டுவார். அடுத்தவர் நடுவில் ஓட்டை போடுவார். இன்னொருவர் கம்பெனிப் பேரை அச்சுக் குத்துவார். தட்டையாக இருந்த இலையை வளைத்துக் கூன் கொடுப்பதற்குத் தனி ஆள். கடைசியில் நுனியிலிருந்து ஓட்டை வரைக்கும் மயிரிழைக் கீறல். அந்தக் கீறல்தான் நிப்பின் உயிர். அதன் வழியாகத்தான் மை இறங்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் நிப்பு கழிசல் கூடைக்குப் போய்விடும்.

அந்தக் கழிசல் கூடை எங்களுக்குப் புதையல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பட்டறை வாசலில் நின்று, "அக்கா, ஒரு நிப்பு" என்று கேட்டால் போதும். "போங்கலே, கையக் கிழிச்சிக்காதீங்க" என்று அதட்டிக்கொண்டே ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். கூனாத நிப்பு, கீறாத நிப்பு, பேர் தலைகீழாக விழுந்த நிப்பு. அவற்றை வைத்துக் கோலி ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டினோம். சோளத்தட்டையில் செருகி மையில் முக்கி எழுதினோம். எழுத்து இரண்டு வரிக்கு மேல் போகாது. ஆனாலும் அது நம் கையால் செய்த பேனா அல்லவா? பட்டறையில் வேலை செய்த அக்காக்களின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்து எண்ணெய் மினுங்கும். சாயங்காலம் தெருக்குழாயில் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த விரல்களோடுதான் பூக்கட்டுவார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்கள்.

பென்சிலை விட்டுப் பேனாவுக்கு ஏறுகிற நாள் நினைவிருக்கிறதா? அஞ்சாம் வகுப்பா, ஆறாம் வகுப்பா, அது பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும். அன்றைக்கு நடை மாறிவிடும். சட்டைப்பையில் பேனாவைக் குத்திக்கொண்டு நெஞ்சை முன்னால் தள்ளித் தெருவில் நடப்போம். மை வாங்க முழுப் பாட்டிலுக்கு யாரிடம் காசு இருந்தது? பெட்டிக்கடையில் அஞ்சு பைசா கொடுத்தால் அண்ணாச்சி ஒரு பில்லர் மை ஊற்றுவார். பேனாவின் கழுத்தைக் கழற்றிக் கூட்டை மட்டும் நீட்ட வேண்டும். அவர் பில்லரை உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சொட்டுச் சொட்டாக இறக்குவார். நிறைந்ததும் கழுத்தைத் திருகி, வழிந்ததைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு ஓடிவருவோம். வகுப்பில் எவனுக்காவது மை தீர்ந்துபோனால் பெஞ்சின் மேல் நாலு சொட்டு உதறிக் கொடுக்க வேண்டும். அவன் நிப்பைக் கவிழ்த்து அதை உறிஞ்சிக்கொள்வான். நாளைக்கு நமக்குத் தருவான். தாளில் கொட்டிவிட்டால் சாக்பீஸ். கழுத்து இறுகிவிட்டால் பல். எங்கள் வகுப்பில் பல்தடம் இல்லாத பேனாக் கழுத்து ஒன்றுகூடக் கிடையாது. கசிந்தால் மரையில் மெழுகு தடவுவோம். அடைத்துக்கொண்டால் வெந்நீரில் ஊறப்போட்டு, பிளேடு முனையைக் கீறலில் மெதுவாக ஓட்டி எடுப்போம். பரீட்சைக்கு முதல் நாள் இந்த மராமத்து வேலை வீட்டுக்கு வீடு நடக்கும். திண்ணையெல்லாம் நீலப்புள்ளி.

சரஸ்வதி பூஜையன்று பேனாவுக்கும் ஓய்வு. புத்தக அடுக்கின் மேல் பட்டுத்துணி விரித்து, வீட்டிலிருக்கிற பேனாக்களை எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைப்பார் அம்மா. மூடிக்கு மூடி சந்தனம், குங்குமம். அன்று எழுதக் கூடாது, படிக்கக் கூடாது என்ற கட்டளை எங்களுக்கு எத்தனை இனிமையாக இருந்தது! மறுநாள் விஜயதசமிக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், காய்ந்த சந்தனம் விரலில் பொடியாக உதிர, முதலில் பிள்ளையார் சுழி. அப்புறம்தான் மற்ற எழுத்து. அவலும் கடலையும் தின்ற கையின் வெல்லப் பிசுக்கு பேனாவில் சாயங்காலம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்பா வாத்தியார். இரண்டு பேனா வைத்திருந்தார். சிவப்பு மைக்கு ஒன்று, பட்டறை நிப்பு போட்ட சாதாரணப் பேனா. மற்றொன்றுதான் எபனைட் பேனா. வாங்கும்போது கன்னங்கரேல் என்று இருந்ததாம். வெயிலும் வெளிச்சமும் பட்டுப் பட்டு எனக்கு விவரம் தெரிந்தபோது பழுப்புப் பச்சைக்கு வந்திருந்தது. விரல் பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து கறுப்பாகவே இருந்தது. அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. பிறந்த நாளன்று மட்டும் எங்கள் பேரை அதால் ஒருமுறை எழுதிக்கொள்ளலாம். பட்டறைப் பேனா தாளைக் கீறிக்கொண்டு போகும். இது வழிந்துகொண்டு போகும். எழுதி முடித்து நிமிர்ந்தால் அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

பேனா என்று பேச்சு வந்தால் அப்பா கல்லுப்பட்டிக்குப் போய்விடுவார். டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் ஜே. சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் தங்கியிருந்தார். தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்துவிட்டு, காந்தியோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்காக உழைத்தவர். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார். இளவயதில் அப்பா அவரைக் கல்லுப்பட்டியில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்தக் குமரப்பா கைவழியாகத்தான் ராஜமுந்திரி ரத்னம் தான் செய்த பேனாவைக் காந்திக்கு அனுப்பினார். காந்தி அதால் எழுதிப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் விற்கிற வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935-இல் ரத்னத்துக்குக் கடிதம் போட்டார். ரத்னம் பேனா இன்றும் ராஜமுந்திரியில் கிடைக்கிறது. இந்தக் கதையை அப்பா எத்தனை தடவை சொன்னாலும் ஒரே இடத்தில்தான் முடிப்பார். "உடம்ப மட்டும் நம்ம ஊர்ல செஞ்சா போதாதுய்யா. எழுதுறது நிப்பு. நிப்பும் நம்மளுதா இருக்கணும்." ஜன்னல் வழியாகப் பட்டறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னதால் அது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நிப்பு நம்மளுதுதானே, வேறு யாருடையது?

மெட்ராஸுக்குப் படிக்கப் போனபோது அப்பா ரயில் ஏற்ற வந்தார். செலவுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, தனியாக ஒரு கவரில் 20 ரூபாயை மடித்து வைத்து, "பாரீஸ் கார்னர்ல போயி நல்ல பேனா ஒண்ணு கடைஞ்சி வாங்கிக்க" என்றார். வாங்கு என்று சொல்லவில்லை, கடைந்து வாங்கு என்றார்.

பாரிமுனையில் நீங்களும் நானும் நிச்சயம் எதிரும் புதிருமாக நடந்திருப்போம். ஹைகோர்ட்டின் செங்கல் சிவப்பு, அதன் உச்சியில் 1977 வரை கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டிய கோபுரம். எதிர்ப்பக்கம் என்.எஸ்.சி. போஸ் ரோடு. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வேகுவேகென்று போகும் வக்கீல்கள், டைப் அடித்துக் கொடுக்கிறவர்கள், முத்திரைத்தாள் விற்கிறவர்கள். பிராட்வே பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியூர் பஸ்களின் புகை. அதைத் தாண்டினால் பூக்கடையிலிருந்து சாமந்தியும் ஈரச்சாக்கும் கலந்த வாசனை. ஆண்டர்சன் தெருப் பக்கம் திரும்பினால் ரீம் ரீமாகப் புதுத்தாள் வாசனை. எழுதுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு சுற்றில் கிடைக்கிற இடம் அது. மை ஒரு கடை, தாள் ஒரு தெரு, எழுதியதைத் தைத்து பைண்டு பண்ண ஒரு சந்து.

பேனாவுக்கென்று அந்தப் பக்கத்தில் பேர்போன கடைகள் இருந்தன. காமா பேனாவின் வீடான ஜெம் அண்ட் கம்பெனி அந்த ரோட்டில்தான். திருச்சிக்காரர்களைக் கேட்டால் கிம் அண்ட் கோ என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் போய்ச் சேர்ந்தது இன்னும் சின்னக் கடை. சந்துக்குள் சந்து, மூன்று படி ஏற வேண்டும். அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, அதன் கீழே ஆள் உயரத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் சீட்டு ஒட்டி மையால் எழுதியிருக்கும்: கழுத்து, நாக்கு, கிளிப்பு, வளையம். கடைசியில் ஒரு முட்டை பல்பு, அதன் அடியில் கடைசல் மெஷின். படியேறியதுமே அந்த வாசனை. ஊரை விட்டு வந்த ஏக்கம் தொண்டையில் நின்ற அந்த வாரத்தில், இத்தனை பெரிய பட்டணத்தில் எனக்குப் பழக்கமான முதல் விஷயம் அதுதான்.

பெரியவர் மல் ஜிப்பா போட்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. ஓர் இழுப்பறையை இழுத்துக் காட்டினார். வெற்றிலைப்பாக்குப் பொட்டலம் அளவுக்கு மடித்த பழுப்புக் காகிதப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பிடி பிடியாக நிப்பு. "எல்லாம் உங்க ஊரு சரக்குதான். ஒக்காரு."

அப்புறம்தான் பேனா வாங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. என்ன விலையில் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு தாளையும் பழைய பேனா ஒன்றையும் முன்னால் தள்ளி, "எப்படி எழுதுவே? எழுதிக் காட்டு" என்றார். நான் எழுதும்போது அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பேனாவை எவ்வளவு சாய்க்கிறேன், நுனியிலிருந்து எத்தனை விரல் தள்ளிப் பிடிக்கிறேன், மணிக்கட்டு தாளில் படிகிறதா, அழுத்தம் எந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் பார்த்தார். பிறகு என் கையை வாங்கி, விரலை விரித்து, ஒரு எபனைட் கட்டையைப் பெருவிரல் கவட்டில் வைத்து அளந்தார். "அழுத்தி எழுதுற கை. கொஞ்சம் தடியா இருக்கட்டும். மெல்லிசுன்னா மூணு மணி நேரப் பரீட்சையில விரல் மரத்துப்போயிடும்."

கட்டையை மெஷினில் மாட்டினார். சீவல் சுருண்டு விழுந்தது. உள்ளே துரப்பணத்தால் குடைந்தார். மரை வெட்டும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு சுற்று ஓட்டுவார், கழுத்தைப் போட்டுத் திருகிப் பார்ப்பார், எடுப்பார், இன்னும் ஒரு சுற்று. மை நேராகக் கூட்டுக்குள்ளேயே நிற்கிற பேனா இது. ரப்பர்ப் பை கிடையாது, உறிஞ்சுகுழல் கிடையாது. மரை சரியாக உட்காரவில்லை என்றால் சட்டைப்பை நீலமாகிவிடும். அதனால்தான் அத்தனை நிதானம். அப்புறம் உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைந்த தாள், பிறகு தண்ணீர் தொட்டு, கடைசியில் வெறும் துணி. துணி பட்டதும் மங்கலாக இருந்த கறுப்புக்குள்ளிருந்து பளபளப்பு மேலே வந்தது. எபனைட்டுக்கு உலோகத்தின் சில்லிப்பு கிடையாது. கையில் எடுத்த கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும், வேர்த்தாலும் வழுக்காது. நிப்புக்கு அடியில் இருக்கிற நாக்கையும் எபனைட்டில்தான் அறுத்தார். மை அதில் ஒட்டி நிற்கும், அறுந்து ஓடாது என்றார். இதையெல்லாம் என்னிடம் சொன்னார் என்பதை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. பணம் குறைவாகக் கொண்டுவந்த ஒரு வெளியூர்ப் பையனுக்கு அவர் பாடமே நடத்தினார்.

பொட்டலத்தைப் பிரித்து நிப்புகளை வெள்ளைத் துணியில் கொட்டினார். லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தைத் தள்ளி ஒன்றை எடுத்தார். நகத்தில் வைத்து அழுத்தி, கீறல் விரிந்து கூடுகிறதா என்று பார்த்தார். நாக்கோடு சேர்த்துக் கழுத்தில் சொருகி, மை ஊற்றி, என்னிடம் நீட்டினார். "இ போட்டுப் பாரு."

ஏன் இ? பேனாக் கடைகளில் பேரை எழுதிப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள், பெரும்பாலோர் பிள்ளையார் சுழி போடுவார்கள். பெரியவருக்கு இ-தான் கணக்கு. கீழே இறங்கும், சுழிக்கும், மேலே ஏறும், பக்கவாட்டில் ஓடும், திரும்பும். நிப்பு எந்தத் திசையில் முரண்டு பிடித்தாலும் இ காட்டிக்கொடுத்துவிடும். நம் எழுத்து அத்தனையும் வளைவு. நேர்க்கோட்டில் ஒழுங்காக ஓடுகிற நிப்பு ஞ-வின் திருப்பத்தில் தாளைக் கிழிக்கும், ழ-வின் கீழ்ச்சுழியில் மை தேங்கும். நான் இ போட்டேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்து, ஏற்றத்தில் ஒரு கீற்று மெலிந்திருப்பதைக் கண்டுபிடித்து, நிப்பை வாங்கி வழுவழுப்பான கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்தார். மறுபடி இ. மறுபடி கல். அந்தத் தாள் முழுக்க இ-யாக நிறைந்த பிறகு, "எடுத்துக்கோ. இது இனிமே உன் கைக்குத்தான் எழுதும். யாருக்கும் இரவல் குடுக்காதே" என்றார். 18 ரூபாய். மிச்ச 2 ரூபாயில் ஒரு பில்லரும் பிரில் ராயல் புளூ பாட்டிலும் தந்தார்.

அந்தப் பேனாவால் எழுதிய கடிதங்கள் எல்லாம் சாத்தூருக்கே போயின. இன்லண்டு லெட்டரின் மடிப்பில் கூட இடம் விடாமல் எழுதுவேன். அப்பா பதில் போடும்போது விஷயத்துக்கு முன்னால் எழுத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும்: இந்த வாரம் மை மெலிவு, நிப்பைக் கழுவவும். கூட்டில் மை குறைந்தால் கைச்சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து சொத்தென்று ஒரு சொட்டைத் தள்ளிவிடும். அப்படி விழுந்த சொட்டைப் பார்த்து, மை தீரப்போகும் நேரத்தில் எழுதியிருக்கிறாய், ராத்திரி கண் முழிக்காதே என்று அவர் எழுதியிருந்தார். ஒரு மைச்சொட்டிலிருந்து இவ்வளவையும் படிக்கத் தெரிந்தவர்கள் நமக்கு இருந்தார்கள்.

வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கசியாது, கழுவ வேண்டாம், தீர்ந்தால் தூக்கிப் போடலாம். பால்பாயிண்டில் எழுதினால் எழுத்து கெட்டுப்போகும் என்று அடித்துச் சொன்ன வாத்தியார்களே சட்டைப்பையில் அதைக் குத்திக்கொண்டு வந்தார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் சந்தில் தட்டுச் சத்தம் இடைவெளி விட்டுக் கேட்டது. ஒரு பட்டறை கதவு சாத்தியிருந்தது. மற்றொன்றில் தீப்பெட்டிக் கட்டு அடுக்கியிருந்தார்கள். பிரஸை எடைக்குப் போட்டதாகச் சொன்னார்கள். வெயில் மட்டும் பழையபடி சந்து முழுக்க அடித்துக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் மறுபடி பாரிமுனைக்குப் போகிறேன். வெளியூர் பஸ்கள் 2002-லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டன. சந்துக்குள் போன் கவர் கடைகள், சார்ஜர் வயர் தோரணங்கள். மூன்று படி இருக்கிறது. கடையும் இருக்கிறது. பெரியவர் படத்தில் இருக்கிறார், சந்தனமாலையோடு. மகன் எழுந்து, "வாங்க சார்" என்கிறார். எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள். கணினி வேலை பார்க்கிறவர்கள், பேனா சேர்ப்பவர்கள். எபனைட் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். திருவள்ளூரில் எம். எஸ். பாண்டுரங்கன் பேர் வாங்கிய ரங்கா பேனாக்கள் கடல் கடந்து போவதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளும்போது நெஞ்சு நிறைகிறது. கைவேலை சாகவில்லை. விலை சில ஆயிரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வந்து வாங்குகிற சாமானாக இல்லையே என்பது உறுத்துகிறது. ஆனாலும் கடைசல் மெஷின் ஓடுகிறது, அந்த வாசனை அப்படியே இருக்கிறது.

மகனும் கையைப் பார்க்கிறார். அப்பாவிடம் கற்றது அது. கட்டையைக் கவட்டில் வைத்து அளக்கிறார். "வயசாச்சு சார் உங்களுக்கு, அழுத்தம் கொறஞ்சிருக்கு. இப்ப மெல்லிசாவே கடையலாம்" என்கிறார். என் கை எப்படி மாறியது என்று என்னிடம் சொல்ல ஒருவர் இருக்கிறார்! துணியில் நிப்புகளை வைக்கிறார். பளபளவென்று, ஒரே அச்சாக. "இது ஜெர்மன் சார், பாக். ஹைடல்பெர்க்ல செய்யிறது. இது ஜோவோ, பெர்லின்." நல்ல நிப்புகள். ஒன்றைக்கூடக் கல்லில் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. இ அழகாக விழுகிறது. ஆனால் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்கிறது. உடம்பு நம்முடையது. எழுதுகிறது?

"சாத்தூர் நிப்பு இருக்கா?" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து, கடைசி வரிசை இழுப்பறையை இழுத்தார். பழுப்புப் பொட்டலம் ஒன்றே ஒன்று. பிரித்தால் ஒரு பிடிக்குக் குறைவாக நிப்பு. சிலதில் துரு. அவர் லென்ஸ் போட்டுத் தேடினார், நானும் தேடினேன். கணினிப் பையன்களும் வந்து குனிந்துகொண்டார்கள். நாலு பேருமாகப் புரட்டி ஒரு நல்ல நிப்பை எடுத்தோம். அவர் அதைக் கல்லில் தேய்த்தார், இ போட்டேன், தேய்த்தார், போட்டேன். கொஞ்சம் கீறத்தான் செய்தது. அந்தக் கீறலில் தாளின் நரம்பெல்லாம் விரலுக்குத் தெரிந்தது. அந்தப் பையன்களில் ஒருவர் வாங்கி எழுதிப் பார்த்துவிட்டு, "இதை யார் செய்தாங்க?" என்று கேட்டார். யாருக்கும் பேர் தெரியாது. எண்ணெய் விரல்களோடு பூக்கட்டிய ஒரு அக்கா என்று மட்டும் சொன்னேன்.

கடைக்காரர் அப்போது ஒரு விஷயம் சொன்னார். "அச்சு கெடச்சாப் போதும் சார். தகடு வாங்கலாம், கைப்பிரஸ் பழசு வாங்கலாம். நிப்பு வளைக்கிற அச்சு மட்டும் யார்கிட்டயாவது இருந்தா, நானே நூறு எரநூறு குத்தச் சொல்லி வாங்கிப்பேன். வாங்க இவங்க இருக்காங்க." பையன்கள் இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள்.

அச்சை யாரும் எடைக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். அது கையடக்கச் சாமான், இடத்தை அடைக்காது. பட்டறை வைத்திருந்தவர்கள் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு வீட்டுப் பரணில் எண்ணெய்த்துணி சுற்றிக் கிடக்கும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஊரே திரும்பி வரும். பட்டறை அக்காக்களில் பாதிப் பேராவது பேரப்பிள்ளைகளோடு வந்து வைப்பாற்று மணலில் பொங்கல் வைப்பார்கள். அன்றைக்கு நான் போகிறேன். ஒவ்வொருவராகக் கேட்கப் போகிறேன். உங்களுக்கும் அந்தத் தெருக்களில் ஆள் பழக்கம் உண்டு, நீங்களும் வாருங்கள். நீங்கள் கிழக்குத் தெருப் பக்கம் விசாரியுங்கள், நான் ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் விசாரிக்கிறேன்.